மஞ்சளாகவே இருக்கட்டும்

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீடு ஒன்பதாவது மாடி. 2013ல் வாங்கியபோது ஏஜென்ட் சன்னலைத் திறந்துவிட்டு, "எதுவும் மறைக்காது அக்கா, காற்று பிச்சுக்கிட்டு வரும்" என்றார். எதிரே பெரிய புல்வெளி. அதை ஒட்டி இன்னொரு துண்டு நிலம், முழுக்கப் புதர். சாயங்காலம் மைனாக்கள் போடும் சத்தத்தில் டிவி கேட்காது.

போன வருடம் புல்வெளியைச் சுற்றித் தகர வேலி வந்துவிட்டது. மின்தூக்கியில் ஏறினால், கட்டடம் வரப்போகுதே என்ற அதே புலம்பல்தான். மூன்றாவது மாடி அங்கிள், "எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுப்போம்மா, நீதான் நல்லா எழுதுவியே" என்றார்.

சரி, எழுதுமுன் பார்த்துவிடலாமே என்று நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் இணைய வரைபடத்தைத் திறந்தேன். புல்வெளி இருக்கும் இடம் வெளிர் ஆரஞ்சு நிறம், மேலே 2.8 என்று ஓர் எண். ஆரஞ்சு என்றால் குடியிருப்பு. அந்த எண்தான் பிளாட் ரேஷியோ (plot ratio), நிலப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு. ஒரு ஹெக்டேர் நிலமானால், எல்லா மாடிகளையும் கூட்டி 28,000 சதுர மீட்டர் வரை கட்டலாம். பழைய வரைபடத்தைத் தேடிப் பார்த்தால் 2008லும் அதே ஆரஞ்சு! நாங்கள் குடிவருவதற்கு முன்பே அங்கே வீடு வருவதாக எழுதி வைத்தாயிற்று. ஏஜென்ட்டைத் திட்டி என்ன பயன்? சோபாவுக்கு மூன்று கடை ஏறி இறங்கிய நான், இதைப் பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்கவில்லை.

புதர் நிலம் மட்டும் மஞ்சள். ரிசர்வ் சைட். என்ன வரும் என்று இன்னும் முடிவாகாத இடம்.

இந்த நிறங்களையும் எண்களையும் வகுப்பதுதான் பெருந்திட்டம் (மாஸ்டர் பிளான்). அதன் 2025 வரைவை மேக்ஸ்வெல் ரோட்டில் காட்சிக்கு வைத்திருந்தபோது, மாரியம்மன் கோயிலுக்குப் போன கையோடு அங்கேயும் நுழைந்தேன். நகரத்தின் மாதிரியைச் சுற்றி ஒரே பள்ளிப் பிள்ளைகள். எட்டிப் பார்க்கவே கால் மணி நேரம் ஆனது. முதல் பெருந்திட்டம் 1958ல் வந்தது. இப்போது அடுத்த பத்துப் பதினைந்து வருடத்துக்கு நிலம் எதற்கு என்று சொல்கிறது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மறுஆய்வு. ஆனால் இடையிலும் ஒரு மனையின் நிறத்தையோ எண்ணையோ தனியாக மாற்றுவார்கள். அப்போது அறிவிப்பு வரும், ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் கொடுக்கலாம். அவகாசம் பெரும்பாலும் இரண்டு வாரந்தான். ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினால் முடிந்துவிடும்.

நிறம் ஏறிய பிறகு எதுவுமே அசையாது என்றும் சொல்ல மாட்டேன். டோவர் காடு 33 ஹெக்டேர், 2003லிருந்து குடியிருப்பு நிலம். மக்கள் விடாமல் பேசினார்கள். 2021ல் கிழக்குப் பாதியில் வீடு, மேற்குப் பாதியை இப்போதைக்குத் தொடுவதில்லை என்று அறிவித்தார்கள். அது காடு, பறவைகளைப் பற்றிய ஆய்வு கையில் இருந்தது. எங்களிடம் இருந்தது புல்லும் காற்றும்.

அங்கிளிடம் விவரம் சொன்னேன். "அப்ப மனு வேண்டாங்கிறியா?" என்றார். புல்வெளிக்கு வேண்டாம் அங்கிள், புதருக்கு எழுதுவோம், நிறம் மாறும்போது என்றேன். அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

இப்போது வியாழக்கிழமை இரவு பாத்திரம் கழுவி முடித்ததும் வரைபடத்தைத் திறந்து பார்க்கிறேன். "நிலம் வாங்கப் போறியா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்கிறார். நேற்றும் பார்த்தேன். மஞ்சள்தான்.