மாலரின் சுத்தியல்

இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின் ஆறாம் சிம்பொனி என்றாலே பேச்சு, அதில் ஒரு வாத்தியமாகவே ஒலிக்கும் சுத்தியலுக்குத்தான் போகும். கடைசிப் பகுதியில் 336ஆவது பாரில் (தாளக் கட்டத்தில்) ஓர் அடி, 479இல் இன்னொன்று. 783இல் மூன்றாவது ஒன்றும் இருந்தது; பிறகு மாலரே அதை எடுத்துவிட்டார். தன் தலைவிதிக்குப் பயந்து எடுத்தார் என்ற கதை பிரபலம். எனக்கோ அது காதால் சரிபார்த்துத் திருத்தும் இசைக்குழு நடத்துநரின் வேலையாகத்தான் படுகிறது. அந்த இடத்தில் சுத்தியலோடு நிற்காமல், சுற்றியிருந்த வாத்தியச் சேர்க்கையையும் மெலிதாக்கியிருக்கிறார்.

1860இல் பொஹிமியாவில் பிறந்த மாலருக்குச் சோறு போட்டது நடத்துநர் வேலை. பிராக், லைப்ஸிக், புடாபெஸ்ட், ஹாம்பர்க் என்று சுற்றி, 1897 முதல் 1907 வரை வியன்னா அரசவை ஓபராவின் (இசைநாடக அரங்கின்) தலைமையில் இருந்தார். சீசன் முழுக்க ஓபரா. சொந்த இசைக்குக் கோடை விடுமுறை மட்டுமே. ஆறாம் சிம்பொனி 1903, 1904 கோடைகளில் மாயர்னிக் என்ற ஏரிக்கரை ஊரில் இருந்த குடிலில் உருவானது. குடிலில் எழுதியதை ஆர்கெஸ்ட்ராவில் கேட்பது ஒத்திகையில்தான். கேட்டதும் பேனாவை எடுத்துவிடுவார். 1904இல் கொலோனில் அரங்கேறிய ஐந்தாம் சிம்பொனியின் வாத்தியச் சேர்க்கையைக் கடைசிக் காலம்வரை திருத்திக்கொண்டே இருந்தார்.

சுத்தியலுக்கு வருவோம். மாலர் வேண்டியது குறுகிய, பலமான, ஆனால் மழுங்கிய ஓசை. உலோக ஒலி கூடாது, கோடரி வெட்டு மாதிரி இருக்க வேண்டும். அதனால் பெரிய மரச்சுத்தியலால் மரப்பெட்டியை அடிப்பது வழக்கம். பெட்டி சிறிதாக இருந்தால் கதவைத் தட்டுவதுபோல ‘டொக்’ என்று கேட்டு, பித்தளை வாத்தியங்களின் முழக்கத்தில் காணாமல் போகும். அதிர்வு அதிகமானாலோ பாஸ் டிரம் போல இழுத்துக்கொண்டே நிற்கும். அதைவிடப் பெரிய தொல்லை நேரம். தலைக்கு மேல் தூக்கிய கனமான சுத்தியல் கீழே வர நேரம் பிடிக்கும். நடத்துநரின் கை இறங்குவதைப் பார்த்து வீசத் தொடங்கினால் அடி தாமதமாகத்தான் விழும். அவர் கையைத் தூக்கும்போதே வீச்சு தொடங்கியிருக்க வேண்டும். வீச்சின் உயரத்தைக் குறைத்தால் துல்லியம் கூடும், பலம் குறையும். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதை அந்தந்த அரங்கில் ஒத்திகை பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

சிம்பொனியின் நான்கு பகுதிகளில் நடுவில் வரும் இரண்டின் வரிசையிலும் இதே கதைதான். முதல் அச்சில் வேகமான ஸ்கெர்ட்ஸோ முன்னால், நிதானமான ஆண்டாண்டே பின்னால். 1906 மே 27 எஸ்ஸன் அரங்கேற்றத்துக்கான ஒத்திகையின்போது மாலர் அதை மாற்றினார். தான் நடத்தியபோதெல்லாம் ஆண்டாண்டேயை முன்னால் வைத்தார். 1963இல் வந்த ஆய்வுப் பதிப்பு ஸ்கெர்ட்ஸோவை மறுபடி முன்னால் கொண்டுவந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்துச் சர்வதேச மாலர் சங்கம் அதை மறுத்து, அவர் நடத்திய வரிசையையே ஏற்றது. ஸ்கெர்ட்ஸோ கட்சிக்கும் நியாயம் உண்டு: பிரகாசமான ஏ மேஜர் ஸ்வர அமைப்பில் வெற்றியோடு முடியும் முதல் பகுதியை அது உடனே இருண்ட ஏ மைனருக்கு இழுத்துப்போடுகிறது; இ ஃப்ளாட் மேஜர் ஆண்டாண்டேயிலிருந்து சி மைனரில் தொடங்கும் இறுதிப் பகுதிக்குப் போவதும் இயல்பாக இருக்கிறது. இந்த ஸ்வரக் கணக்கெல்லாம் மாலருக்கும் தெரிந்ததுதான். எழுதியபோது அப்படி வைத்தவரே, கேட்ட பிறகு மாற்றினார். என் ஓட்டு, அவர் காதால் கேட்டு எடுத்த முடிவுக்கே.

இப்படித் திருத்த வாய்க்காத படைப்புகளும் உண்டு. 1911 மே 18 அன்று மாலர் இறந்தபோது ஒன்பதாம் சிம்பொனி இன்னும் ஒலிக்கவே இல்லை. அடுத்த ஆண்டு வியன்னாவில் அதை அரங்கேற்றியவர் நடத்துநர் புரூனோ வால்டர். அதில் எந்த வாத்தியம் எதை மூழ்கடிக்கிறது என்று கேட்டுத் திருத்தும் வேலை இன்றுவரை நடத்துபவர் தலையில்தான்.