அடி விழுற படத்தை விட கோர்னர்ல இருக்கிற படம்

பொக்சிங் படம் எண்டு தேடினா முதல்ல வந்து நிக்கிறது அந்த முகமது அலி போட்டோதான். 1965 மே மாசம், அமெரிக்காவில லூயிஸ்டன் எண்ட சின்ன ஊர், முதல் ரவுண்டிலயே சொனி லிஸ்டன் மல்லாக்கக் கிடக்கிறார், மேல நிண்டு அலி கையை மடக்கிக்கொண்டு கத்துறார். எடுத்த நீல் லைஃபருக்கு அப்ப 22 வயசு. வடிவா பாத்தீங்கெண்டா அலிட ரெண்டு காலுக்கும் நடுவில இன்னொரு போட்டோகிராபர் தெரிவார், அவரும் லைஃபர்ட பத்திரிகைக்காரர்தான், அவரை விட வயசில மூத்தவர், பாவம் அண்டைக்கு அவருக்கு வாய்ச்சது அலிட முதுகு. ஜிம் சுவர், சலூன் சுவர், டீஷேர்ட் எண்டு கொழும்பில எங்க பாத்தாலும் இந்தப் படம்தான்.

நல்ல படம்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா பொக்சிங் எண்டா அடி விழுற அந்த செக்கன் மட்டும்தான் எண்டு எல்லாரும் நினைக்கிறதுக்கு இப்பிடிப் படங்களும் ஒரு காரணம். ரிங்குக்குப் பக்கத்தில இருந்து பாத்த ஆக்களுக்குத் தெரியும், ரெண்டு ரவுண்டுக்கு நடுவில வாற அந்த ஒரு நிமிச ஓய்விலதான் விசயமே இருக்கு.

ஸ்கூல் பெடியள்ட மீட் ஒண்டில எனக்கு நீலக் கோர்னருக்குப் பக்கத்தில, அதாவது ஒரு பொக்சர் ஓய்வெடுக்கிற மூலைக்குப் பக்கத்தில, இடம் கிடைச்சுது. பெல் அடிச்ச உடன ஸ்டூல் உள்ள வருது, பெடியன் பொத்தெண்டு இருக்கிறான், கோச் பல்லுக்குப் போடுற கம்ஷீல்டை இழுத்தெடுத்து போத்தல் தண்ணில கழுவுறார், கிளவ்ஸோட போத்தல் பிடிக்கேலாது தானே, அப்ப கோச்தான் வாயில ஊத்துறார், பிறகு ஷோர்ட்ஸ் இலாஸ்டிக்கை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கிறார், வயிறு இறுகாம மூச்சு விடட்டும் எண்டு. அவர் என்னவோ சொல்லிக்கொண்டே இருக்கிறார், பெடியன் கேக்கவே இல்ல, அவன்ட கண் கோச்சிட தோளுக்கு மேலால சிவப்புக் கோர்னரையே பாக்குது. பின்னால ஒரு அங்கிள் கஹபன் கஹபன் (அடி அடி) எண்டு சிங்களத்தில கத்துறார், இங்கால ஒரு அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு விரலுக்குள்ளால பாக்கிறா.

இதை 1890களிலயே தோமஸ் ஈக்கின்ஸ் எண்ட அமெரிக்கன் பிடிச்சிட்டார். பிட்வீன் ரவுண்ட்ஸ் எண்ட பெயின்டிங், ஃபிலடெல்ஃபியா மியூசியத்தில இருக்கு. பொக்சர் கோர்னர்ல சாஞ்சிருக்கிறார், ஒராள் டவலால விசுக்கிறார், டைம்கீப்பர் தன்ட பாட்டில நேரத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறார். ஒரு குத்துக் கூட இல்ல.

அதை விடப் பழசு ரோமில இருக்கிற வெண்கலச் சிலை. 1885ல தோண்டேக்க கிடைச்சது, கிரேக்க வேலை, ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல பழசு. சண்டை முடிஞ்சு களைச்சுப்போய் இருக்கிற ஒரு ஆம்பிள, கையில தோல் வார் சுத்தினபடி, மூக்கு உடைஞ்சு, காது வீங்கி. காயத்துக்கும் ரத்தத்துக்கும் செம்பைப் பதிச்சிருக்கிறாங்கள், அதால அந்த இடம் மட்டும் சிவப்பா தெரியும். செய்தவன் கட்டாயம் நிறையச் சண்டை பாத்திருப்பான் எண்டுதான் நான் நினைக்கிறன்.

எல்லாரும் தூக்கிப் பிடிக்கிற பெயின்டர் ஜோர்ஜ் பெல்லோஸ் எனக்கு அவ்வளவா ஒட்டேல்ல. 1923ல ஃபிர்போ எண்ட பொக்சர் டெம்ப்ஸி எண்ட பொக்சரை ரிங்குக்கு வெளியில தள்ளி விழுத்தினதை அடுத்த வருசம் கீறினார், படத்தைப் பாத்தா ஃபிர்போதான் வெண்டவர் எண்டு நினைப்பீங்கள், உண்மையில ரெண்டாம் ரவுண்டில டெம்ப்ஸிதான் நொக்அவுட் பண்ணி வெண்டவர். ஆனா சனத்தை கீறுறதெண்டா அந்தாள் ஆள்தான், 1909ல கீறின ஸ்டாக் அட் ஷார்க்கீஸ் எண்ட படத்தில சண்டை பிடிக்கிற ரெண்டு பேரை விட சுத்தி நிண்டு பல்லைக் காட்டுற மூஞ்சிகள்தான் பயங்கரம்.

எங்கட நாட்டிலயும் பொக்சிங் ஒண்டும் புதுசில்ல. 1938ல சிட்னில நடந்த எம்பயர் கேம்ஸில பார்னி ஹென்ரிகஸ் சிலோனுக்கு ஃபெதர்வெயிட் தங்கம் எடுத்தவர், கிளிஃபர்ட் கப் எண்ட பொக்சிங் போட்டியும் நிறையக் காலமா நடக்குது. கிரிக்கெட்டுக்கு சுவர் சுவரா படம், பொக்சிங்குக்கு திரும்பவும் அந்த அலிதான். படம் கீறுற ஃபிரெண்ட் ஒருத்தன் தெஹிவளையில இருக்கிறான், அடுத்த மீட்டுக்கு அவனைக் கட்டாயம் இழுத்துக்கொண்டு போகப்போறன். கொஞ்சம் வெள்ளனப் போய் கோர்னர் பக்கம் சீட் பிடிக்கோணும், மேல கேலரில இருந்தா ஒரு கோதாரியும் தெரியாது.