பின்கட்டை வானத்துக்குத் திருப்பிக் கொடுத்தோம்

பக்கவாதம் கண்டு ஐந்து வாரம் ஈப்போ மருத்துவமனையில் இருந்துவிட்டு அம்மா வீடு திரும்பிய அன்று, அவருடைய அறைக் கதவில் சக்கர நாற்காலி நுழையத்தான் செய்தது. கதவுப் பலகையின் கனத்தைக் கழித்தால் அந்த வழியின் அகலம் 27 அங்குலம். நாற்காலியின் அகலம் 25. கணக்குக்குப் போதுமான இடைவெளிதான். ஆனால் சக்கரத்தை உருட்டுகிற கைக்கும் இடம் வேண்டும் என்பது, அம்மாவின் இடது கை விரல் முட்டிகளில் தோல் உரிந்த பிறகே எங்களுக்கு உறைத்தது. வலது பக்கம் செயலிழந்துவிட்டதால், அவருக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு கைதான். அறைக்குள் போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, மணி என்ன என்பது. காலை பத்தரை. விளக்கைப் போட்டால்தான் கட்டில் தெரிந்தது.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல குடியேறியிருக்கும் மலிவு விலை வரிசை வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. நிலம் 20க்கு 60 அடி. முன்னால் 20 அடி போர்ச், நடுவில் 30 அடி வீடு, பின்னால் 10 அடி காலி இடம். இரு பக்கமும் அண்டை வீடுகளின் சுவர் என்பதால் வெளிச்சம் வர முன்பக்கமும் பின்பக்கமும் மட்டுமே வழி. வலது பாதியில் முன்னறையும் பின்னறையும், இடது பாதியில் கூடமும் பழைய குசினியும், அதற்கும் பின்னால் குளியலறையும் கழிப்பறையும். கட்டிக் கொடுத்தவர்கள் இதைத் தவறாகக் கட்டவில்லை. 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்களின்படி, குடியிருக்கும் அறையின் ஜன்னல் பரப்பு, தரைப்பரப்பில் பத்து விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. அந்தத் தரைப்பரப்பில் ஐந்து விழுக்காடு அளவுக்காவது காற்று தடையின்றிப் புகுவதற்குத் திறப்பும் இருக்க வேண்டும். நூறு சதுர அடிப் பின்னறைக்கு நான்குக்கு நான்கு அடி ஜன்னல், அதாவது 16 சதுர அடி, தாராளமாகவே இருந்தது. அதைக் கெடுத்தது நாங்கள்தான். பதினைந்து ஆண்டுகளுக்கு முன், ஊரில் எல்லாரும் செய்வதைப் போல, பின்னாலிருந்த பத்தடியையும் சுவர் எழுப்பித் தகரம் போட்டு மூடி, பெரிய குசினி கட்டிவிட்டதாகப் பெருமைப்பட்டுக்கொண்டோம். பின்னறையின் ஜன்னல் அன்றிலிருந்து குசினியைப் பார்த்துத் திறக்கும் ஜன்னலாகிவிட்டது. தாளிப்பு வாசனை வரும், வெளிச்சம் வராது.

முதலில் நாங்கள் செய்தது, செலவு குறைந்ததும் புத்தி குறைந்ததுமான ஒரு வேலை. குசினிக் கூரையில் இரண்டு தகரங்களைக் கழற்றிவிட்டு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடுகளைப் போட்டோம். சுங்கை சிப்புட் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஐந்து பாகை வடக்கே இருப்பதால், ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. மற்ற மாதங்களிலும் நண்பகலில் உச்சியை விட்டு வெகுதூரம் சாய்வதில்லை. கூரையில் படுத்த நிலையில் இருக்கும் தகடு அந்த வெயிலை அப்படியே வாங்கி உள்ளே இறக்கியது. குசினி பகலில் கொப்பரை காயவைக்கும் களம் போலானதே தவிர, பின்னறைக்கு அதனால் பயன் ஒன்றும் இல்லை. மூன்றே வாரத்தில் பழைய தகரத்தைத் திரும்பப் போட்டோம்.

அதன் பிறகுதான் பிளான் வரைபவர் ஒருவரைத் தேடிப் போனேன். அவர் வந்ததும் அளவு நாடாவை எடுக்காமல், ஒரு வாரத்துக்கு எந்த இடத்தில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது என்று எழுதிவைக்கச் சொன்னார். நம் நாட்டில் இதற்கு ஒரு சிறு எச்சரிக்கை தேவை. 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தியதால், எங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவதே ஏறத்தாழ 1.15 மணிக்குத்தான், பன்னிரண்டு மணி வெயிலை உச்சி வெயில் என்று எண்ணி ஜன்னல் வைத்தால், பிற்பகல் முழுவதும் அனுபவிக்க வேண்டியிருக்கும். எங்கள் வீட்டின் முகம் மேற்கு. முன்னறையின் சுவர் மாலை ஆறரை மணிக்கும் தொட்டால் சுட்டது. பின்பக்கம் கிழக்கு. அம்மாவுக்கு முன்னறையை ஒதுக்கினால் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் அங்கிருந்து கழிப்பறைக்கு 25 அடி. பின்னறையிலிருந்து ஆறே அடி. நள்ளிரவில் ஒரு கையால் நாற்காலியை உருட்டுகிறவருக்கு அந்தப் பத்தொன்பது அடி எவ்வளவு பெரிய தூரம் என்பதை அம்மாவே சொன்ன பிறகு, பின்னறைதான் என்று முடிவாயிற்று.

அப்படியானால் பின்னறைக்கு வெளிச்சம் வேண்டும். அதற்குப் பிளான் வரைபவர் வரைந்து காட்டிய வழி, நாங்கள் மூடிய பத்தடியில் வலது பாதியின் கூரையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தை மறுபடி திறந்த முற்றமாக்குவது. சட்டத்தில் காற்றுக்கிணறு எனப்படும் திறந்தவெளிக்கு, இரண்டு மாடி வரையிலான கட்டடங்களில் குறைந்தது 7 சதுர மீட்டர் பரப்பும் எந்தத் திசையிலும் 2.5 மீட்டர் அகலமும் வேண்டும் என்று அளவு இருக்கிறது. அதற்குக் குறைந்தால் வெளிச்சம் அறைக்குள் எட்டாது என்று சொல்லி, அதையே அளவுகோலாக வைத்து, ஏறத்தாழ ஒன்பதுக்கு ஒன்பது அடி முற்றமாக வரைந்தார். குசினி இடது பாதிக்குள் சுருங்கும்.

மாமாவுக்கு இது பொறுக்கவில்லை. “அவனவன் காசு குடுத்து வீட்டைப் பெருசாக்குறான், நீ காசு குடுத்துச் சின்னதாக்குறியா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்கே இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. பேச்சை முடித்துவைத்தவர் அம்மா. “தோட்டத்து லயத்துல வீட்டுக்கும் குசினிக்கும் நடுவுல வானம் இருந்துச்சு. மழை பேஞ்சா நனைஞ்சுக்கிட்டுத்தான் சோத்துப் பானைய எடுத்துட்டு வருவோம். யாரும் கரைஞ்சு போயிடல” என்றார். இருபது வயதிலிருந்து விடிவதற்கு முன் ரப்பர் மர நிரையில் இறங்கிப் பால் வெட்டியவருக்கு, விடிந்ததும் தெரியாத ஓர் அறையில் படுத்திருப்பது எப்படி இருந்திருக்கும் என்று நான் அதுவரை யோசித்திருக்கவில்லை.

அனுமதி வாங்கும் படலத்தை நீட்டி எழுத விரும்பவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கட்டிய பின்கட்டுக்கு நாங்கள் அனுமதியே வாங்கியிருக்கவில்லை என்பதால், நகராண்மைக் கழகத்தில் பழையதையும் புதியதையும் சேர்த்துக் காட்ட வேண்டியிருந்தது. அண்டை வீட்டார் இருவரின் சம்மதக் கடிதம், வைப்புத்தொகை என்று மூன்று மாதம் போயிற்று. அந்த இடைவெளியால் ஒரு நன்மையும் விளைந்தது. கூடத்துக்கும் பழைய குசினிக்கும் இடையிலான சுவரை முழுவதுமாக இடித்துவிடலாம் என்று குத்தகையாளர் சொல்லியிருந்தார். பொறியாளர் வந்து பார்த்தபோது, அந்தச் செங்கல் சுவர்தான் கூரைக் கட்டையைத் தாங்குகிறது என்று தெரிந்தது. நாலரை அங்குலச் சுவர் என்றால் வெறும் தடுப்பாகத்தான் இருக்கும் என்று எண்ணிச் சம்மட்டியை எடுப்பவர்கள் இதைக் கவனத்தில் வைப்பது நல்லது. எஃகு உத்தரம் ஒன்றை மேலே ஏற்றிய பிறகு ஆறு அடி மட்டும் திறந்தோம்.

இந்த இடத்தில் எனக்கு ஒன்று புலப்பட்டது. நாற்காலிக்குத் தடையாக இருந்த சுவர்களும் வெளிச்சத்துக்குத் தடையாக இருந்த சுவர்களும் ஒன்றுதான். பின்னறைக்கும் குளியலறைக்கும் நடுவே பின்கட்டுக்குப் போகும் இடுக்கு இரண்டரை அடிதான் இருந்தது. நாற்காலிக்காக அறைச் சுவரை ஓர் அடி உள்ளே தள்ளி அதை மூன்றரை அடியாக்கியபோது, முற்றத்தின் வெளிச்சம் அந்த வழியாகவே பழைய குசினியைத் தாண்டி, புதிய திறப்பின் வழியே கூடத்தின் பாதி வரை வந்து சேர்ந்தது. இரண்டுக்கும் தனித்தனியாகச் செலவு செய்யத் தயாராக இருந்தோம். ஒரு செலவிலேயே இரண்டும் முடிந்தன.

அதிகம் மல்லுக்கட்டியது குளியலறையில்தான். ஐந்தடி நீளத்தில், மூன்றடி அகலக் கழிப்பறையும் நான்கடி அகலக் குளியலறையும் அருகருகே இருந்தன. நடுச்சுவரை எடுத்ததும் ஐந்துக்கு ஏழு அடி கிடைத்தது. சக்கர நாற்காலி ஒரு சுற்றுத் திரும்ப ஐந்தடி விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். கழிப்பறைப் பீடத்தை வைத்த பிறகு அது ஒரு சாண் குறைந்தது. தாங்கு தூண் இல்லாமல் சுவரில் தொங்கும் கைகழுவும் தொட்டியைப் பொருத்தியதால், கால் வைக்கும் பலகை அதன் அடியில் புகுந்து அந்தக் குறையை ஈடுகட்டியது. பழைய குந்து கழிப்பறையின் மேடையை உடைத்து, அதே குழாய் வாயின் மேலேயே புதிய பீடத்தை உட்கார வைத்ததால் தரைக் குழாயைத் தோண்ட வேண்டியிருக்கவில்லை. உட்காரும் உயரம் 18 அங்குலம். நாற்காலியின் இருக்கைக்குச் சமமாக இருந்தால்தான் ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார முடியும். தரையைக் கூடத்தின் மட்டத்துக்கு உயர்த்தி, நீர் வெளியே வராதபடி வாசலோரம் கம்பிச் சல்லடை போட்ட வாய்க்கால் வைத்தோம். கதவு வெளிப்பக்கம் தொங்கி நகரும் கதவு. உள்ளே திறக்கும் கதவாக இருந்து, விழுந்தவர் அதற்குப் பின்னால் கிடந்தால் திறக்கவே முடியாது.

பிடிகம்பி விஷயத்தில் நூலிழையில் தப்பினோம். எங்கோ ஒரு மாதிரிப் படத்தைப் பார்த்து வரைந்திருந்ததால், பீடத்தில் உட்காருகிறவரின் வலப்புறச் சுவரில் கம்பி குறிக்கப்பட்டிருந்தது. மறுவாழ்வுப் பிரிவின் சிகிச்சையாளர் ஒருவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “அம்மாவுக்கு எந்தக் கை வேலை செய்யுது?” என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. பீடத்தின் முகத்தை எதிர்ச்சுவர்ப் பக்கம் திருப்பி, இடது கைக்கு எட்டும்படி மாற்றினோம். வரைபடம் முடிந்ததும் நோயாளியைத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள் என்று இப்போது கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

முன்வாசல் சரிவுப் பாதையில் தப்பவில்லை. போர்ச்சிலிருந்து கூடத்தின் தரை, நிலைப்படியோடு சேர்த்து எட்டு அங்குல உயரம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது கணக்கு. எட்டடிச் சரிவு வேண்டும். நான் வேலைக்குப் போயிருந்த நாளில் குத்தகையாளர் மூன்றடியில் முடித்து, மேலே பளபளப்பான கல்லும் பதித்துவிட்டார். மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்கு அது அருமையான சரிவு. “பின்னால ஒருத்தர் தள்ளினா ஏறிடும்” என்றார். அந்தப் பின்னால் தள்ளும் ஆள் இல்லாத நேரத்துக்காகத்தானே இவ்வளவும் செய்கிறோம் என்று விளக்கி, அதை உடைக்கச் செய்து, எட்டடிக்கு நீட்டி, கதவருகே நாற்காலி நின்று திரும்ப ஐந்தடி சமதளமும் விட்டோம். மேற்பரப்பு துடைப்பக் கோடு இழுத்த வெறும் சிமெண்டு. இரு ஓரமும் சக்கரம் வழுவாதிருக்கச் சிறு திண்டு. உடைத்துக் கட்டிய செலவைப் பாதியாகப் பகிர்ந்துகொண்டோம்.

முற்றத்தின் மேல்புறத்தில் திருட்டுப் பயத்துக்காகக் கம்பி வலை போட்டோம். அண்டை வீட்டின் சுவருக்கு அவர்களிடம் கேட்டு வெள்ளையடித்தோம். கிழக்கு வெயில் அதில் பட்டு அறைக்குள் திரும்புகிறது. ஜன்னலின் அடிவிளிம்பை மூன்றடியிலிருந்து இரண்டடிக்கு இறக்கியதால், கட்டிலில் படுத்தபடியே வெளியே பார்க்க முடிகிறது. வேலை முடிந்த இரண்டாம் நாள் மாலை இடியோடு பெய்த மழையில், முற்றத்துக்குத் திறக்கும் படியில்லாத புதிய கதவின் வழியே தண்ணீர் கட்டில் கால் வரை வந்தது. மேற்கூரை விளிம்பை இரண்டரை அடிக்கு நீட்டி, கதவடியில் இருந்த சல்லடை வாய்க்காலை இரட்டிப்பு அகலமாக்கிய பிறகு நின்றது.

எதிர்பாராத இன்னொரு தொல்லை, வெளிச்சம் மிகுந்து போனது. அம்மாவுக்கு இடது கண்ணில் புரை. காலை ஒன்பது மணி வெயில் வழவழப்பான வெள்ளைத் தரைக்கல்லில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்ததில், கதவின் விளிம்பு எது, சுவர் எது என்று அவருக்குப் பிரித்துத் தெரியவில்லை. அறையில் மட்டும் மங்கிய மண்நிறக் கல்லாக மாற்றி, கதவு நிலைகளுக்குக் கரும்பச்சை அடித்தோம். இதை முதலிலேயே யோசித்திருந்தால் ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி (ரிங்கிட்) மிஞ்சியிருக்கும். மொத்தம் 31,000 வெள்ளிக்குச் சற்று மேலே ஆயிற்று. அம்மா மாற்றுத்திறனாளியாகச் சமூக நல இலாகாவில் பதிவு பெற்றிருப்பதால், வருமான வரியில் பெற்றோரின் உதவிக் கருவிகளுக்கான 6,000 வெள்ளி வரையிலான கழிவில் சக்கர நாற்காலியைக் காட்ட முடிந்தது, கட்டுமானச் செலவை அல்ல.

இப்போது பின்னறையில் மாலை ஆறு மணிக்கு மேல்தான் விளக்குப் போடுகிறோம். முற்றத்தில் கறிவேப்பிலைக் கன்று ஒன்று இருக்கிறது. கொசுவுக்குப் பயந்து தொட்டிக்கு அடித்தட்டு வைக்கவில்லை. சமையல் மேடையில் ஒரு பகுதியை 30 அங்குல உயரத்துக்குத் தாழ்த்தி அடியில் காலியாக விட்டதால், ஆணி பதித்த பலகையில் வெங்காயத்தைக் குத்தி நிறுத்தி அம்மா ஒரு கையாலேயே அரிந்துவிடுகிறார். அடுப்பின் எரிவாயுத் திருகு மட்டும் இன்னும் அவருக்கு எட்டவில்லை. அதை முன்பக்கம் நகர்த்தித் தரும்படி தினமும் கேட்கிறார்; எட்ட வைக்கலாமா வேண்டாமா என்று நானும் என் தங்கையும் இன்னும் பேசி முடிக்கவில்லை.