கேட்டுவிட்டுத் தொட்டார்கள்

மூத்தவனுக்கு எட்டு மணி நேரம்தான் வலித்தது. சின்னவளுக்குப் பதினான்கு மணி நேரம். ஆனாலும் பிரசவம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், சின்னவள் பிறந்த கதையைத்தான் ஆசையாகச் சொல்கிறேன்.

முதல் பிரசவத்தின்போது விழுப்புரத்திலிருந்து பெங்களூருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கன்னடம் தெரியாது. அம்மாவை லேபர் வார்டு வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். யார் யாரோ வந்து உள்ளே கைவிட்டுப் பார்த்தார்கள்; எதற்கென்று ஒருவரும் சொல்லவில்லை. நான் கத்தியபோது நர்ஸ் “சும்மனிரு” என்று அதட்டினார். அன்றைக்கு எனக்குப் புரிந்த ஒரே கன்னட வார்த்தை அதுதான். குழந்தை வெளியே வருவதற்காகப் பிறப்புறுப்பின் வாயை வெட்டித் தையல் போட்டதைக்கூட, மறுநாள் எரிச்சல் தாங்காமல் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். குழந்தையை நான் தொட மூன்று மணி நேரமானது. தாயும் சேயும் நலம் என்று ஊருக்கெல்லாம் போன் போனது. பிள்ளை முகத்தைப் பார்த்தால் எல்லாம் மறந்துவிடும் என்றார்கள். எனக்கு மறக்கவில்லை.

அடுத்து உண்டானபோது, அல்சூரில் எதிர்வீட்டு அக்கா சொல்லி வேறு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஏழாம் மாதமே டாக்டரிடம் கேட்டுவிட்டேன்: அம்மா கூட இருக்கலாமா? எல்லோருக்கும் வெட்டுவீர்களா? குழந்தையை உடனே நெஞ்சில் போடுவீர்களா? இதைக் கேட்க யாரும் தயங்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரிகளிலேயே பிரசவ அறையில் ஒரு பெண் துணை இருக்கலாம் என்று 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்துவிட்டது. பெண் விரும்பும் துணை கூட இருக்க வேண்டும், வழக்கமாக எல்லோருக்கும் வெட்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் 2018-இல் சொல்லியிருக்கிறது.

அன்று இரவு முழுக்க அம்மா உள்ளங்கையால் என் இடுப்பை அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தார். வலி வரும்போது நான் பிடித்த பிடியில் அவர் மணிக்கட்டில் வளையல் பதிந்துவிட்டது. “இப்போ கை வச்சுப் பார்க்கப்போறேன், மூச்சை மெதுவா விடுங்க” என்று நர்ஸ் ஒவ்வொரு முறையும் சொன்னார். பார்த்த பிறகு கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்றும் சொன்னார். ஆறிலேயே வெகுநேரம் நின்றது. எழுந்து நடக்கலாமா என்றேன். தாராளமாக நடங்கள் என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதி தெம்பு வந்துவிட்டது.

விடிந்ததும் பிறந்தாள். துடைத்து, ஈரச்சூட்டோடு அப்படியே என் நெஞ்சில் போட்டார்கள். டாக்டர் குனிந்து, “லேசா கிழிஞ்சிருக்கு. மரத்துப்போக ஊசி போட்டுட்டு ரெண்டு தையல் போடட்டுமா?” என்று கேட்டார்.

“போடுங்க டாக்டர்” என்றேன்.