மைட்ரல் வால்வு கசியும்போது ‘பம்பிங்’ எண் சொல்லாமல் விடுவது

எக்கோ (ஒலியலையால் எடுக்கும் இதய ஸ்கேன்) எடுத்துவிட்டு வெளியே வருபவரிடம் உறவினர்கள் முதலில் கேட்பது “பம்பிங் எவ்வளவு?” என்பதுதான். இதயத்தின் இடது கீழறை தன்னுள் நிரம்பிய இரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்பதே அந்த எண். 60, 65 என்று பதில் வந்தால் எல்லோருக்கும் நிம்மதி. மாரடைப்பு வந்தவர் விஷயத்தில் அந்த நிம்மதிக்குப் பெரும்பாலும் நியாயம் உண்டு. மைட்ரல் வால்வில் கடுமையான கசிவு உள்ளவருக்கோ அதே எண்ணின் பொருள் வேறு. என் அக்காவின் அறிக்கையில் பம்பிங் 62 சதவீதம் என்றும், அதற்குக் கீழேயே வால்வுக் கசிவு கடுமையானது என்றும் எழுதியிருந்தது. இவை இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்பதைத் தெரிந்துகொள்வதற்காகவே இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவில் இருப்பது மைட்ரல் வால்வு. அதற்கு இரண்டு இதழ்கள். அவை மறுபக்கம் புரண்டுவிடாதபடி மெல்லிய நாண்கள் அவற்றைக் கீழறைத் தசைகளோடு பிணைத்திருக்கின்றன. கீழறை சுருங்கும்போது அதனுள் அழுத்தம் ஏறத்தாழ 120 மில்லிமீட்டர் பாதரசம் வரை உயர்கிறது. மேலறையில் இருப்பதோ 10 அளவில்தான். ஆகவே இதழ்கள் சரியாகப் பொருந்தாவிட்டால், உடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெருங்குழாயான மகாதமனிக்குள் போக வேண்டிய இரத்தத்தில் ஒரு பகுதி எதிர்ப்பு குறைந்த பக்கமான மேலறைக்கே திரும்பிவிடுகிறது. திரும்பிய இரத்தம் அடுத்த துடிப்பில், நுரையீரலிலிருந்து புதிதாக வரும் இரத்தத்தோடு சேர்ந்து மறுபடியும் கீழறைக்குள் இறங்குவதால், அந்தக் கூடுதல் கொள்ளளவுக்கு ஏற்ப இடது பக்கத்து இரண்டு அறைகளுமே ஆண்டுக்கணக்கில் மெல்ல விரிந்துகொண்டே போகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விரிந்த கீழறையில் 180 மில்லி இரத்தம் நிரம்பி, ஒரு துடிப்பில் 120 மில்லி வெளியேறினால் பம்பிங் ஏறத்தாழ 67 சதவீதம். ஆனால் அந்த 120இல் 60 மில்லி மேலறைக்குத் திரும்பிவிட்டால், உடலுக்குப் போய்ச் சேர்வது மீதி 60 மட்டுமே. எக்கோவின் சதவீதக் கணக்கு வெளியேறியது எவ்வளவு என்று பார்க்கிறதே தவிர, எந்தப் பக்கம் போனது என்று பார்ப்பதில்லை. இதழிலோ நாணிலோ உள்ள கோளாறால் வரும் கடுமையான கசிவில், பம்பிங் 60 சதவீதத்துக்கு இறங்கினாலோ, சுருங்கி முடித்த நிலையிலும் கீழறையின் விட்டம் 40 மில்லிமீட்டரை எட்டினாலோ, தொந்தரவு எதுவும் தெரியாவிட்டாலும் அறுவைச் சிகிச்சையைப் பற்றி மருத்துவர்கள் பேசத் தொடங்குவது இதனால்தான். வால்வைச் சரிசெய்த பிறகு பம்பிங் எண் குறைவதும் உண்டு. எளிதாகத் தப்பிச் செல்ல இருந்த வழி அடைபட்டு, முழு இரத்தத்தையும் மகாதமனியின் அழுத்தத்துக்கு எதிராகத் தள்ள வேண்டியிருப்பதே காரணம்.

நுரையீரல் இதில் மாட்டிக்கொள்வது அமைப்பின் காரணமாகத்தான். நுரையீரலிலிருந்து மேலறைக்கு வரும் சிரைகளில் வால்வு எதுவும் இல்லை. எனவே மேலறையில் ஏறும் அழுத்தம் தடையின்றிப் பின்னோக்கிச் சென்று நுண்குழாய்கள் வரை எட்டிவிடுகிறது. இரத்தத்திலுள்ள புரதங்கள் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்கு ஈடாக நீரை உள்ளே இழுத்து வைத்திருக்கின்றன. அழுத்தம் அதை நெருங்கும்போதே நீர் திசுக்களுக்குள் கசியத் தொடங்குகிறது. நாள்பட்ட கசிவில் நிணநீர்க் குழாய்கள் தம் திறனைப் பெருக்கிக்கொண்டு அந்த நீரை வடித்துவிடுவதால் நோயாளிக்கு நெடுங்காலம் எதுவும் தெரிவதில்லை. அதையும் மீறும்போது நீர் முதலில் காற்றுப் பைகளைச் சுற்றியுள்ள திசுவில் தேங்கி நுரையீரலை விறைப்பாக்குகிறது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதும் வறட்டு இருமலும் அந்தக் கட்டத்தில் வருபவை.

படுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனெனில் காலிலும் வயிற்றிலும் தங்கியிருந்த இரத்தம் மார்புக்குத் திரும்புகிறது. அக்கா ஒரு தலையணையிலிருந்து மூன்று தலையணைக்குப் போனதும், நள்ளிரவில் எழுந்து கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்ததும் இதனால்தான். வீங்கிய மூச்சுக்குழாய்களில் இழுப்புச் சத்தமும் கேட்கும் என்பதால், பல மாதங்கள் அவருக்கு ஆஸ்துமா இன்ஹேலர்தான் தரப்பட்டது. உட்கார்ந்தால் அடங்கும் மூச்சுத்திணறலுக்கு இன்ஹேலரை மட்டும் நம்பி இருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

கவனிக்காமல் விட்டால் நுரையீரல் தமனிகளிலும் அழுத்தம் உயர்ந்து, வலது பக்க இதயம் களைத்து, கால் வீக்கமும் ஈரல் வீக்கமும் வரும். விரிந்த மேலறை ஒழுங்கின்றித் துடிக்கத் தொடங்கினால் அங்கே இரத்தம் உறைந்து பக்கவாதத்துக்கும் வழியுண்டு.

மேலே சொன்னவை அனைத்தும் மெல்ல வளரும் கசிவுக்குத்தான் பொருந்தும். நாண் திடீரென்று அறுந்தாலோ, மாரடைப்புக்குப் பின் அதைப் பிடித்திருக்கும் தசை கிழிந்தாலோ, விரிவதற்கு அவகாசம் கிடைக்காத சிறிய மேலறையில் அழுத்தம் ஒரேயடியாக எகிறி, சில மணி நேரத்துக்குள் நுரையீரலில் நீர் நிறைந்து, இளஞ்சிவப்பு நுரையோடு சளி வரலாம். அது நேராக அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டிய நிலை.

அக்காவுக்குக் காரணம், சிறுவயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வந்த வாதக் காய்ச்சல். வடுப்பட்டுத் தடித்த இதழ்களைச் செப்பனிடுவது கடினம் என்பதால் வால்வையே மாற்றினார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாகி, 1990இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு போன்ற உலோக வால்வுகளை வைத்தவர்கள் வாழ்நாள் முழுவதும் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. பல் பிடுங்கப் போகும்போது வால்வு மாற்றியிருப்பதைப் பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், கிருமி இரத்தத்தில் கலந்து புதிய வால்வில் தங்காதபடி அதற்குச் சற்று முன்பே ஆன்டிபயாடிக் கொடுத்துவிடுவார்.