சத்தம் போடாம லைன் ஓட்டறது

பனியன் கம்பெனில சூப்பர்வைசர்னா குரல் பெருசா இருக்கணும்ங்கற நெனப்பு திருப்பூர்ல இன்னிக்கும் போகல. ஓவர்லாக், பேட்லாக், சிங்கர்னு அத்தன தையல் மிஷினும் ஒண்ணா ஓடற எடத்துல சாதாரணமா பேசுனா பக்கத்துல நிக்கறவங்களுக்கே கேக்காது, அதனால கத்திக் கத்தி அதுவே பழகிப்போயி, அப்பறம் கத்தறதுதான் வேலை வாங்கற வித்தைன்னே நம்ப ஆரம்பிச்சுடறாங்க. நான் செக்கிங்ல சேந்து, லைன் சூப்பர்வைசராகி, அதாவது ஒரு வரிசை தையல் மிஷினப் பாத்துக்கறவளாகி, இப்ப சில லைனுக்கு சேத்து இன்சார்ஜா இருக்கேன். என் குரல் சின்னக் குரல். அத பெருசாக்கணும்னு எனக்கு எப்பவுமே தோணல. புதுசா சூப்பர்வைசர் ஆகற பொண்ணுங்க எங்கிட்ட வந்து கேக்கற மொத கேள்வியே "அக்கா, எனக்கு யாரையும் திட்ட வராதுங்க்கா, நான் தாக்குப் பிடிச்சுருவேனா"ங்கறதுதான். அவங்களுக்கு சொல்றதத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன்.

நான் ரெண்டு பேருக்குக் கீழ வேலை கத்துக்கிட்டேன். மொத ஆளு பயங்கர கத்தல். ஆனா தொழில் தெரிஞ்ச மனுஷன், லைனுக்கு நடுவுல நடந்து போறப்பவே மிஷின் சத்தத்த வெச்சு "அந்த மூணாவது ஓவர்லாக்ல நூல் டென்ஷன் டைட்டா இருக்கு பாரு"ன்னு சொல்லுவாரு, போயி பாத்தா அப்படியே இருக்கும். ரெண்டாவது ஆளு தங்கமான குணம், யாரையும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு, யாரு என்ன கேட்டாலும் "சரிங்க, பாத்துக்கலாம்"னு சொல்லுவாரு, ஆனா ஷிப்மெண்ட் நேரத்துல எந்த ஸ்டைல மொதல்ல ஏத்தறது, யார எந்த மிஷினுக்கு மாத்தறதுன்னு முடிவு சொல்ல ஆளில்லாம டெய்லருங்க கையக் கட்டிட்டு உக்காந்திருப்பாங்க. பீஸ் ரேட்ல, அதாவது தைச்ச பீஸுக்குத்தான் கூலின்னு இருக்கற டெய்லருக்கு அந்தச் சும்மா உக்காந்த நேரம் பூரா கூலி நஷ்டம். மென்மையா பேசற மேலாளருனால கூட ஜனங்களுக்கு கஷ்டம் வரும்னு அங்கதான் புரிஞ்சுது. ஒருத்தர்கிட்ட இருந்து காதையும் கண்ணையும் எடுத்துக்கிட்டேன், இன்னொருத்தர்கிட்ட இருந்து மரியாதைய எடுத்துக்கிட்டேன், மிச்சத்த ரெண்டு பேருகிட்டயும் விட்டுட்டேன்.

லைனுக்கு முன்னாடி ஒரு போர்டு தொங்கும், மணிக்கு மணி எத்தன பீஸ் வந்துச்சுன்னு எழுதறது. அதுக்குப் பின்னாடி ஒரு கணக்கு இருக்கு. ஒரு பீஸ் தைக்க மொத்தம் 12 நிமிஷம்னு வேலைக்கு நேரம் அளக்கற ஐஇ டிபார்ட்மெண்ட் கணக்குப் போட்டு, லைன்ல 30 பேரு இருந்தா, 100 சதவீதத்துல மணிக்கு 150 பீஸ் வரணும். லைன் 60 சதவீதம் ஓடுனா 90. சூப்பர்வைசர் பொழப்பு பூரா அந்த 90க்கும் போர்டுல எழுதுன நம்பருக்கும் நடுவுலதான். நம்பர் 70ன்னு விழுந்தா மேல இருந்து ஒரு போன் வரும், அந்தப் போன்ல வாங்குனத அப்படியே லைன்ல கொட்டறதுதான் வழக்கம். கொட்டுனா அடுத்த மணி நேரம் நம்பர் ஏறத்தான் செய்யும், அதையும் சொல்லணும். ஆனா அதுக்கு அடுத்த மணி நேரம் செக்கிங் டேபிள்ல ஆல்டர், அதாவது தப்பா தைச்சுத் திருத்த வேண்டிய பீஸ், குவியும், அது போர்டுல தெரியாது, சாயங்காலம்தான் தெரியும். நான் செக்கிங்ல இருந்து வந்தவ, அந்தக் குவியல கையால பிரிச்சவ, அதனாலயே எனக்கு அந்த ஒரு மணி நேர ஏத்தத்து மேல மயக்கம் வந்ததே இல்ல.

ஒருநா ரவுண்ட் நெக் டி சர்ட் ஓடுது, கழுத்தச் சுத்தி வர்ற ரிப் பட்டி வெக்கற எடத்துல பண்டல் தேங்கி நிக்குது. அந்த ஓவர்லாக்ல உக்காந்திருந்த அக்கா கை வேகமான கை, லைன்லயே பெஸ்ட். மேனேஜர் வந்து "என்னம்மா தூங்கறியா"ன்னுட்டு போயிட்டாரு. நான் ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டு அவங்க பக்கத்துல உக்காந்து, ஒண்ணும் பேசாம ஒரு பத்துப் பீஸ் அவங்க கையையே பாத்துட்டு இருந்தேன். ரிப் வளையத்த எடுக்கறாங்க, இழுத்துப் பாக்கறாங்க, கீழ வெச்சுட்டு இன்னொண்ண எடுக்கறாங்க. "ஏனுங்க்கா மாத்தறீங்க"ன்னு கேட்டேன். "இது ஒண்ணொண்ணும் ஒரு அளவா இருக்கு கண்ணு, சின்னத இழுத்து வெச்சா கழுத்து சுருங்கும், பெருச வெச்சா அல அலயா நிக்கும், அதான் தேடி எடுக்கறேன்"னாங்க. ரெண்டு வளையத்த ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுக் காட்டுனாங்க, நல்லா அரை சென்டிமீட்டர் வித்தியாசம். கட்டிங்ல போயி விசாரிச்சா, அவசரத்துல ரிப் துணிய ரோல்ல இருந்து பிரிச்சு ஓய்வு விடாம அப்படியே விரிச்சு வெட்டிட்டாங்க. நிட்டட் துணி ரோல்ல இழுபட்டே இருக்கும், பிரிச்சு ஒரு ராத்திரியாவது தளர விட்டாத்தான் அதோட நெஜ அளவுக்கு வரும். வெட்டுன பின்னாடி சுருங்குனா ஒண்ணொண்ணும் ஒரு மாதிரி சுருங்கும். மீதி ரிப்ப நிறுத்தி, தளர விட்டு வெட்டச் சொன்னோம், ஏற்கனவே வெட்டுனத ஒரு ஹெல்பர வெச்சு அளவு வாரியா பிரிச்சுக் குடுத்தோம், தேக்கம் தீந்துருச்சு.

அந்த அக்காவுக்கு காரணம் காலைலயே தெரியும். யாரும் கேக்கல, அதனால சொல்லல. என் வழி என்னன்னு எனக்குப் பிடிபட்டது அங்கதான்னு சொல்லலாம். நம்பர் விழுந்தா மொதல்ல மிஷின் பக்கத்துல போயி உக்காரணும், கையப் பாக்கணும், அப்பறம் கேக்கணும், கேட்டது சரியா இருந்தா அத நாந்தான் கட்டிங் வரைக்கும், ஆர்டரப் பாத்துக்கற மெர்ச்சண்டைசர் வரைக்கும் எடுத்துட்டுப் போகணும். கடைசியா சொன்னதுதான் ரொம்ப முக்கியம். கேட்டுட்டு ஒண்ணும் பண்ணலைன்னா அடுத்த தடவ யாரும் வாயத் தெறக்க மாட்டாங்க, அதுக்குக் கேக்காமயே இருந்திருக்கலாம்.

ஊசி விஷயமும் இதே மாதிரிதான். எக்ஸ்போர்ட் கம்பெனில ஊசி ஒடஞ்சா ஒடஞ்ச துண்டு எல்லாத்தையும் தேடி எடுத்து, ரிஜிஸ்டர்ல செல்லோ டேப் போட்டு ஒட்டி, ஒரு முழு ஊசியா சேருதான்னு பாத்துட்டுத்தான் புது ஊசி குடுப்போம். ஒரு துண்டு கிடைக்கலைன்னா அந்த பண்டலையே தனியா வெச்சு ஊசி கண்டுபிடிக்கற மிஷின்ல விடணும். கொழந்தைங்க துணியா இருந்தா இன்னும் கண்டிப்பு, ஒரு துண்டு தையல்ல மாட்டிப் போனா அது ஏதோ ஒரு கொழந்தை கழுத்துல குத்தும். இப்ப ஊசி ஒடச்சதுக்கு திட்டற லைன்ல என்ன நடக்கும்? டெய்லர் துண்ட மிஷினுக்கு அடில தள்ளிட்டு, பக்கத்து டெய்லர்கிட்ட கடன் ஊசி வாங்கி மாட்டிட்டு ஓட்டிட்டே இருப்பாங்க. அதனால என் லைன்ல ஊசி ஒடஞ்சதுக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது, மறச்சா மட்டும்தான் பேசுவேன், அது ரொம்ப கடுமையா பேசுவேன். இந்த ரெண்டையும் சேந்த மொத நாளே எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன். சின்னக் குரல்ல கடுமையா பேச முடியும்ங்க, நேரா கண்ணப் பாத்து ஒரே தடவ சொன்னா போதும்.

இத எல்லாம் நான் பண்ணிட்டு இருக்கறப்ப இதுக்கு ஒரு ஆராய்ச்சியே இருக்குன்னு தெரியாது, ஒரு டிரெய்னிங்ல சொன்னாங்க, அதுவும் நம்ம தையல் தொழில்லயே நடந்தது. அமெரிக்காவுல வர்ஜீனியா மாநிலத்துல மேரியன்ங்கற ஊர்ல ஹார்வுட்னு ஒரு பைஜாமா தைக்கற கம்பெனி, நெறைய பொண்ணுங்க வேலை பாத்த எடம், அங்கயும் பீஸ் ரேட்டுதான். வேலை முறைய மாத்துனா ஆளுங்க வேகம் கொறஞ்சு போறாங்க, கோவப்படறாங்க, நின்னுடறாங்க. லெஸ்டர் கோக், ஜான் ஃபிரெஞ்ச்னு ரெண்டு பேரு இத சோதிச்சு 1948ல எழுதுனாங்க. ஒரு குரூப்புக்கு "இனிமே இப்படித்தான்"னு விளக்கி மட்டும் சொன்னாங்க, மொத 40 நாளுக்குள்ளயே அதுல 17 சதவீதம் பேரு வேலைய விட்டுட்டாங்க, உற்பத்தியும் ஏறவே இல்ல. இன்னும் சில குரூப்ல எல்லாரையும் உக்கார வெச்சு எப்படி மாத்தலாம்னு அவங்களையே சொல்ல வெச்சாங்க, அவங்க சீக்கிரமே பழைய வேகத்துக்கு வந்து அதுக்கும் மேல 14 சதவீதம் போனாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுக்கு அப்பறம் நடந்தது. அந்த மொத குரூப்ல மிச்சம் இருந்தவங்களையே ரெண்டு மூணு மாசம் கழிச்சு வேற ஒரு மாத்தத்துக்குக் கூப்பிட்டு இந்த தடவ அவங்களையும் கலந்து பேசுனாங்க, அதே ஆளுங்க இப்ப நல்லா ஏறிட்டாங்க. "இந்த லைன்ல ஆளுங்களே சரியில்ல"ன்னு யாராவது எங்கிட்ட சொன்னா இதத்தான் எடுத்துச் சொல்லுவேன்.

ஆனா எல்லாத்துக்கும் எல்லாரையும் கேட்டுட்டே இருக்கறதும் ஆகாது. புதுசா வந்த ஹெல்பர் பொண்ணுகிட்ட "நீ எப்படி பண்ணலாம்னு நெனக்கறே"ன்னு கேட்டா அது மெரண்டு போயிடும், அதுக்கு பீஸ எப்படி அடுக்கறது, எந்தப் பக்கம் மேல வரணும்னு கையப் பிடிச்சு சொல்லிக் குடுக்கணும். இருபது வருஷமா பேட்லாக் ஓட்டற அண்ணாகிட்ட அதே மாதிரி சொல்லிக் குடுத்தா அவருக்கு அவமானம். அவர்கிட்ட மாதிரி பீஸ மட்டும் குடுத்துட்டு "பாத்துட்டு சொல்லுங்கண்ணா"ன்னு தள்ளி வந்துடுவேன், அரை மணி நேரத்துல "அம்மிணி, இதுக்கு ஃபோல்டர மாத்துனா நல்லா வரும்"னு, துணிய மடிச்சுக் குடுக்கற அந்தச் சாமானச் சொல்லிட்டு அவரே வருவாரு. ஒடிசால இருந்து வந்த பசங்களுக்கு தமிழ் தெரியாது, எனக்கு ஒடியா தெரியாது, ரெண்டு பக்கமும் அரைகொற இந்திதான், அதனால வாயால சொல்றதக் கொறச்சுட்டு நல்ல பீஸ் ஒண்ணு, டேமேஜ் பீஸ் ஒண்ணு ரெண்டையும் மிஷினுக்கு நேரா தொங்க விட்டுட்டேன். அப்பறம் பாத்தா தமிழ் டெய்லருங்களும் அதத்தான் பாக்கறாங்க. ஷிப்மெண்ட் அன்னிக்கு கண்டெய்னர் வந்து நிக்கறப்ப யாரையும் கேக்க மாட்டேன், எது மொதல்ல, யாரு எங்கன்னு நாந்தான் சொல்லுவேன், எல்லாரும் செய்வாங்க, ஏன்னா மத்த நாள்ல கேக்கறவ இன்னிக்குக் கேக்கலைன்னா காரணம் இருக்கும்னு அவங்களுக்குத் தெரியும்.

மேல இருக்கறவங்களுக்கு இத ஏத்துக்க வெக்கறதுதான் ரொம்ப நாள் ஆச்சு. "உங்க லைன்ல சத்தமே கேக்கலையே, வேலை நடக்குதா"ன்னு நெஜமாவே கேட்டாங்க. நான் வாதாடல. மணிக்கணக்கு நம்பரோட ஆல்டர் நம்பரையும் அதே போர்டுல பக்கத்துலயே எழுத ஆரம்பிச்சேன், யாரு எதுக்கு வேலைய விட்டு நின்னாங்கன்னு ஒரு நோட்டு வெச்சேன், மாசக் கூட்டத்துல ரெண்டையும் முன்னாடி வெப்பேன். இன்னொண்ணு, காலமும் மாறுச்சு. 2013ல பணியிட பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்துச்சு, 2022ல திண்டுக்கல் பக்கம் ஒரு கார்மெண்ட் கம்பெனில தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போட்ட ஒப்பந்தத்துல தொழிலாளிப் பொண்ணுங்களையே ஷாப் ஃப்ளோர் மானிட்டரா, அதாவது வேலை நடக்கற எடத்துல கண்காணிக்கறவங்களா பயிற்சி குடுத்து நிறுத்தணும்னு வந்துச்சு, சூப்பர்வைசர் எப்படி பேசறாங்கங்கறதும் துணி வாங்கற பையருங்க கேக்கற கேள்வி ஆயிருச்சு. பொண்ணுங்கள வாயில வந்தபடி பேசறது இந்தத் தொழிலோட சுபாவம்னு சொல்லித் தப்பிச்சவங்களுக்கு இப்ப அது முடியாது, இதுல எனக்கு உண்மையான சந்தோஷம்.

இப்ப எனக்குக் கீழ ஒரு புது சூப்பர்வைசர் இருக்கா. என்ன மாதிரி கெடையாது, கலகலன்னு பேசுவா, லைன் முழுக்க நடந்துட்டே இருப்பா, டெய்லருங்கள பேரு சொல்லி கிண்டல் பண்ணுவா, அவளுக்கு என்ன மாதிரி ஸ்டூல் போட்டு அமைதியா உக்காரச் சொன்னா அஞ்சு நிமிஷம் தாங்காது. அவ நடந்துட்டே கேக்கட்டும்னு விட்டுட்டேன். கேட்டத எழுதி எங்கிட்டயோ கட்டிங்கிலயோ சாயங்காலத்துக்குள்ள சேத்துடணும், அது மட்டும்தான் நான் போட்ட கண்டிஷன். போன வாரம் அவ கொண்டு வந்த சீட்டுல எழுதியிருந்தது, கடைசி மிஷின் ரெண்டுக்கும் லைட் பத்தல, கறுப்புத் துணி ஓடறப்ப தையல் தெரியலைங்கறாங்கன்னு. அந்த லைன நானே எத்தனையோ தடவ சுத்தி வந்திருக்கேன், எங்கிட்ட ஒருத்தரும் அதச் சொன்னதில்ல. எலெக்ட்ரீஷியன வரச் சொல்லியிருக்கேன்.