வளர்ச்சி ஹார்மோன் பரிசோதனையும் எங்கள் வீட்டுப் பெப்டைடு கேள்வியும்

பள்ளி செல்லும் வயதில் ஒரு பிள்ளை ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வளர வேண்டும். என் மகன் அதில் பாதிதான் வளர்ந்தான். குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவர் தைராய்டு, ஐஜிஎஃப்-1 (வளர்ச்சி ஹார்மோன் தூண்டுவதால் உடலில் உருவாகும் இன்னொரு ஹார்மோன்), எலும்பின் வயதைக் காட்டும் இடது கை எக்ஸ்ரே எல்லாம் பார்த்துவிட்டு, தூண்டல் பரிசோதனை எழுதினார்.

சும்மா ஒருமுறை ரத்தம் எடுத்தால் போதாதா என்று கேட்டேன். வளர்ச்சி ஹார்மோன் விட்டுவிட்டுத்தான் சுரக்கும். பெரும்பகுதி இரவில், ஆழ்ந்த தூக்கத்தில். பகலில் எடுத்தால் ஆரோக்கியமான பிள்ளைக்கும் ஒன்றுமில்லாதது போலக் காட்டலாம். அதனால்தான் மருந்து கொடுத்துத் தூண்டிப் பார்க்கிறார்கள்.

முந்தைய இரவிலிருந்து வெறும் வயிறு. கையில் ஒரே ஒரு குழாய் பொருத்தி, அதிலேயே அரை மணிக்கொரு முறை ரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் குத்தவில்லை. தூண்டுவதற்குக் கொடுத்த குளோனிடின் மாத்திரை ரத்த அழுத்தத்தை இறக்கும். பையன் கண்ணைத் திறக்க முடியாமல் படுத்திருந்தான். முடிந்ததும் எழுந்து நடக்க விடாதீர்கள். கழிப்பறைக்குக்கூடப் பிடித்துத்தான் கூட்டிப்போக வேண்டும். சாப்பாடு கையோடு கொண்டுபோங்கள். இன்னொரு நாள் குளுகாகான் ஊசியோடு இரண்டாவது பரிசோதனை. வளர்ச்சி ஹார்மோனின் உச்ச அளவு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமைத் தொட வேண்டும் என்பது பழைய வழக்கம், சில இடங்களில் 7. இரண்டிலும் அவன் அதற்கு வெகு கீழே. வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட வேண்டும் என்றார் மருத்துவர்.

அப்போதுதான் ஜிம்முக்குப் போகும் அக்கா மகன் சொன்னான்: “சித்தி, வெளியிலிருந்து ஹார்மோன் எதுக்கு? பெப்டைடு போட்டா உடம்பே சுரக்குமே!”

இதை அப்படியே மருத்துவரிடம் கேட்டேன். அவர் தட்டிக்கழிக்காமல் தாளில் வரைந்து காட்டினார். பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. மூளையில் ஹைப்போதலாமஸ் அனுப்பும் ஜிஎச்ஆர்எச் என்ற கட்டளையில் 44 அமினோ அமிலங்கள். முதல் 29 இருந்தாலே, வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பி கீழ்ப்படியும். அந்தத் துண்டைச் செயற்கையாகச் செய்ததுதான் செர்மோரெலின். ஜிஎச்ஆர்பி-6, இபாமோரெலின் போன்றவை வேறு வாசல் வழியாகப் போகின்றன: பசி ஹார்மோனான கிரெலினுக்கு உரிய ஏற்பி, அதாவது செல்லில் அது வந்து ஒட்டும் இடம். கிரெலினையே 1999-ல்தான் கண்டுபிடித்தார்கள். ஜிஎச்ஆர்பி-6 அதற்கும் முந்தியது. இரண்டு வகையும் சேர்ந்தால் சுரப்பு இன்னும் கூடும். அளவு ஏறினால் சொமாட்டோஸ்டாட்டின் என்ற தடை ஹார்மோன் தடுக்கும், ஐஜிஎஃப்-1-உம் போதும் என்று சொல்லும். அந்தக் கட்டுப்பாடு உயிரோடு இருப்பதுதான் இந்த முறையின் கவர்ச்சி.

ஆனால் பிட்யூட்டரியே பழுதானால் எந்தப் பெப்டைடும் வேலைக்கு ஆகாது. என் மகனுக்கு எம்.ஆர்.ஐ.யில் பிட்யூட்டரி நன்றாகத்தான் இருந்தது. அப்படியானால் செர்மோரெலின் தரலாமே? அமெரிக்காவில் 1997-ல் குழந்தைகளுக்கு அனுமதித்தார்கள். 2008-ல் தயாரிப்பு நின்றது. ரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும். வளர்ச்சியும் நேரடி ஹார்மோன் தருகிற அளவுக்கு வராது. இபாமோரெலின், ஜிஎச்ஆர்எச் வகையைச் சேர்ந்த சிஜேசி-1295 இரண்டும் எந்தச் சிகிச்சைக்கும் அனுமதி பெறாதவை. “ஆராய்ச்சிக்கு மட்டும்” என்று ஒட்டிய குப்பியில் உண்மையில் என்ன இருக்கிறது என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. வளரும் பிள்ளைக்கு அதைப் போட நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது தினமும் இரவில், தூங்கப் போகுமுன், வளர்ச்சி ஹார்மோன் பேனா ஊசி. மருந்து ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். தொடை, வயிறு என்று இடம் மாற்றிப் போடுகிறோம். சில மாதங்களுக்கொரு முறை உயரமும் ஐஜிஎஃப்-1-உம் பார்த்து மருத்துவர் அளவைத் திருத்துகிறார்.